வாக்கியத்தின் வால்

முப்பது வருடம் கேமராவுக்குப் பின்னால் நின்ற மனிதர் பயந்து யாரும் பார்த்ததில்லை. படப்பிடிப்பில் நூறு பேர் காத்திருப்பார்கள், கதாநாயகிக்கு முகப்பூச்சு வழிந்துகொண்டிருக்கும், தயாரிப்பாளர் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருப்பார். இவர் பாட்டுக்கு வானத்தைப் பார்த்தபடி, "மேகம் போகட்டும்" என்பார். போகிறவரை ஒரு அங்குலம் ஃபிலிம் ஓடாது. அப்படியே அவருக்கு மேகம் என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சாரக் கட்டணச் சீட்டில் மட்டும் பிழைத்திருந்தது. அப்பேர்ப்பட்ட மேகம் அன்று காலை எடிட்டிங் அறையில் நாற்காலிகளை இடம் மாற்றி இடம் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். படம் பார்க்க மாமனார் வருகிறார்.

"சார், நீங்க உட்காருங்க. நாற்காலிக்கே தலை சுத்துது" என்றாள் படத்தொகுப்பாளர். வேண்டாத காட்சி என்றால் ஈவிரக்கம் பார்க்காமல் வெட்டுகிற பெண். அவளைக் கத்திரி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள்.

மேகம் இயக்குநராகி எடுத்த முதல் படம் அது. கதையும் இல்லை, கதாநாயகனும் இல்லை. அந்த நகரம் கடந்து வந்த ஐம்பது வருடம்தான் படம். மில்கள் திறந்தது, மூடியது, பெண்கள் முதன்முதலாகக் கூட்டமாக வேலைக்குப் போனது, வேலைநிறுத்தம், ஊரடங்கு, தெருவுக்குத் தெரு டெலிபோன் வந்தது, அதே டெலிபோன் சட்டைப்பைக்குள் புகுந்தது எல்லாம் அதில் இருந்தது. "உனக்கு எதுக்குய்யா இந்த வேலை, உள்ளதையும் கெடுத்துக்காதே" என்று பழைய நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மேகம் கேட்கவில்லை. ஊரை அழகாகக் காட்டிக் காட்டி அலுத்துவிட்டது, ஒரு தடவையாவது உள்ளபடி காட்டவேண்டும் என்பது அவருடைய ஆசை.

அந்தப் படத்துக்கு முதுகெலும்பு ஒரு குரல். வேலைநிறுத்தத்தின்போது கடைத்தெருவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்று இன்றுவரை இரண்டு பேர் ஒரே கணக்குச் சொல்வதில்லை. அன்று சாயங்காலம் வானொலிச் செய்தியில் ஒரு குரல், நகரில் அமைதி நிலவுகிறது என்று வாசித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அன்று ஊரே காதால் கேட்டது. வாசித்தவர் மேகத்தின் மாமனார்.

மறுநாளே அவருக்கு அமைதி என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடைக்குப் போனால் "அமைதி வர்றாரு, வழி விடுங்க" என்பார்கள். வருடங்கள் போகப் போக, எதனால் வைத்தார்கள் என்பது மறந்து பெயர் மட்டும் நின்றது. புதிதாகக் குடிவந்தவர்கள் அவருடைய பொறுமையைப் பார்த்து வைத்த பெயர் என்றே நினைத்தார்கள். "அமைதி ஐயா" என்று மரியாதையாகக்கூடக் கூப்பிட்டார்கள். பெரியவர் அதற்கும் தலையாட்டிவிட்டுப் போவார். ஆனால் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் வீட்டில் வானொலி கிடையாது.

அந்தச் செய்தியின் ஒலிப்பதிவு வானொலி நிலையத்தில் இல்லை. நாடாக்களை அழித்து அழித்து மறுபடி பயன்படுத்திய காலம் அது. மேகம் பழைய புகைப்படம் தேடி அலைந்தபோது ஒரு தையல்காரரின் வீட்டில் அது தற்செயலாக அகப்பட்டது. தையல்காரர் பாட்டுப் பைத்தியம். செய்தி முடிந்ததும் வரும் பாட்டைப் பிடிப்பதற்காக, அவசரக் குடுக்கையாகக் கொஞ்சம் முன்னாலேயே பதிவுப் பொத்தானை அமுக்கியிருந்தார். செய்தியின் கடைசி இரண்டு வாக்கியமும் நாடாவில் ஏறிவிட்டன.

மேகத்துக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து மனைவியிடம் சொன்னார். அவள் சந்தோஷப்படவில்லை.

"அப்பாகிட்ட போட்டுக் காட்டுங்க. அவர் வேண்டாம்னா அந்தக் குரல் படத்துல இருக்கக்கூடாது."

"அது இல்லன்னா படமே இல்லம்மா. நடுவுல பள்ளம் விழுந்துடும்."

"விழட்டும். அம்மா போனப்புறம் அவருக்கு நான் ஒருத்திதான். ஊர் குத்தினது போதும், மாப்பிள்ளை வேற குத்தணுமா? அவர் மனசு நொந்துதுன்னா நான் உங்களோட சண்டைகூடப் போடமாட்டேன். பேசவே மாட்டேன்."

சொன்னதைச் செய்கிறவள். மேகம் அதே வீட்டில் இருந்த மாமனாரின் அறைக்குப் போய், மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். பெரியவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தார். பிறகு, "என் குரல் இருக்கா? அந்த வாக்கியமா?" என்று இரண்டு தடவை கேட்டார். "போட்டுக் காட்டுங்க மாப்பிள்ளை, வர்றேன்" என்றார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று மேகம் நினைக்கவே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

பெரியவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, வழித்த முகம். மகள் பின்னாலேயே வந்தாள். கத்திரி டீ கொடுத்தாள். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

படம் ஓடியது. மில்களின் சங்கு ஊதியபோது, "இது வடக்குப் பக்கத்து மில், அதுக்குக் குரல் கட்டை" என்றார். பெண்கள் வரிசையாக நடந்துபோனபோது சிரித்தார். மேகத்துக்கு மெல்ல மூச்சு வந்தது. அப்புறம் கடைத்தெரு வந்தது.

அந்த ஒரு காட்சிக்காக மேகம் பத்து விடியற்காலை தவம் கிடந்திருந்தார். ஆளில்லாத தெரு, சாய்ந்த வெயில், ஒரு கடையின் இரும்பு ஷட்டர் மெதுவாக இறங்கும். அதன்மேல் கரகரத்த பழைய நாடாவிலிருந்து குரல் வந்தது. மணியான, இளமையான குரல்.

"வதந்திகளைப் பொதுமக்கள் நம்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது. நகரில் அமைதி நிலவுகிறது."

ஷட்டர் தரையில் மோதியது. டமார்.

பெரியவர் டீக்கோப்பையை மேசைமேல் வைத்தார். கொஞ்சம் சிந்தியது. துண்டால் துடைத்தார். எழுந்து, "ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க மாப்பிள்ளை. இருக்கட்டும், குரல் இருக்கட்டும்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். படம் இன்னும் பாதிகூட முடியவில்லை.

திட்டியிருந்தால்கூட மேகத்துக்குப் பரவாயில்லை என்று இருந்திருக்கும். பாராட்டிவிட்டுப் போனது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா பின்னால் ஓடினாள்.

மேகம் வீடு போய்ச் சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாடு மூடியபடி ஆறிக்கொண்டிருந்தது. பெரியவர் தன் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மகள் வாசற்படியில் நின்றாள். சொன்ன சொல் மாறாமல் கணவனிடம் பேசவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாமா, அந்தக் குரலை எடுத்துடறேன்" என்றார் மேகம். "படம் எப்படியோ போகட்டும்."

"அதெல்லாம் வேண்டாம். உங்க மேல ஒண்ணும் கோபமில்ல" என்றார் பெரியவர். "உட்காருங்க. நீயும் வாம்மா. சிரிக்கக்கூடாது, ஒண்ணு சொல்றேன்."

மகள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் கடைத்தெரு வழியாத்தான் நிலையத்துக்குப் போனேன். சுட்டது என் காதுல விழுந்துது. ஜனங்க செருப்பை விட்டுட்டு ஓடிக்கிட்டிருந்தாங்க. உள்ள போனா கையில தாளைக் குடுக்கறாங்க. நகரில் அமைதி நிலவுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி நிக்கிறார். நான் என்ன பெரிய வீரனா? எனக்கு அப்போதான் கல்யாணமாகியிருந்துது. வாசிச்சேன். ஆனா கடைசி எழுத்துக்கிட்ட வரும்போது நாக்கு கூசிடுச்சு. 'நிலவுகிறது'ன்னு எழுதியிருந்ததை 'நிலவுகிறதாம்'னு வாசிச்சுட்டேன்."

மேகம் நிமிர்ந்தார்.

"ஒரு 'ஆம்' போட்டேன். அவ்வளவுதான். அமைதின்னு நான் சொல்லல, சொல்றாங்களாம். நான் அப்படித்தான் நெனச்சேன். ஊர்ல ஒருத்தர் காதுலயாவது விழும்னு நெனச்சேன். மறுநாள் டீக்கடையில தெரிஞ்சு போச்சு, ஒருத்தர் காதுலயும் விழல. உங்கம்மாகிட்ட சொன்னேன். 'நானும்தானே கேட்டுக்கிட்டிருந்தேன், து-ன்னுதான் வந்துது, போய்ப் படுங்க'ன்னு சிரிச்சுட்டா. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. சொன்னேனா, சொல்லணும்னு நெனச்சதை சொன்னதா நம்பிக்கிட்டேனா? இத்தனை வருஷமா அதே கேள்வி. நாடா கிடைச்சிருக்குன்னு நீங்க சொன்னதும், சரி, இன்னிக்குத் தெரிஞ்சுடும்னு சட்டையை மாட்டிக்கிட்டு வந்தேன். தெரிஞ்சுபோச்சு. து-தான்."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவ்வளவு காலம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு ஆற்றாமை.

மேகத்துக்கு அந்த நேரத்தில் கத்திரி போன மாதம் சொன்ன ஒரு வார்த்தை காதில் வந்து விழுந்தது. சார், வால் வெட்டுப்படுது.

தொகுப்பு அறையில் அது அன்றாடம் புழங்குகிற வார்த்தை. ஒரு குரலின் கடைசித் துணுக்கை வால் என்பார்கள். ஷட்டர் தரையைத் தொடுகிற அதே நொடியில் குரல் நிற்கவேண்டும் என்று மேகம் பிடிவாதம் பிடித்தார். குரல் ஒரு துளி நீளமாக இருந்தது. கத்திரி வால் போகிறது என்று எச்சரித்தாள். "வால் போனா போகட்டும், ஷட்டர் சத்தம் மூடிக்கும், படம்தாம்மா முக்கியம்" என்றவர் இவர்தான். முப்பது வருடம் ஒலிப்பதிவாளர்களோடு, "மைக்கைத் தூக்கு, ஃப்ரேமில் தெரியுது" என்று மல்லுக்கட்டியே வளர்ந்த கண். அந்தக் கண்ணுக்குக் காது என்றாலே கொஞ்சம் இளக்காரம். நாடாவை முதன்முதலில் கேட்டபோதும், அந்தக் குரலுக்கு மேல் என்ன காட்சி போடலாம் என்றுதான் மனசு ஓடியதே தவிர, கடைசி எழுத்தைக் கவனித்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

மாமனாரிடம் அவர் மூச்சு விடவில்லை. நாடாவிலும் 'து'வே இருந்துவிட்டால் ஒரே நாளில் அந்த மனிதரை இரண்டு தடவை கொன்றதாகிவிடும். மனைவியை முற்றத்துக்கு அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். அவள் பேசாவிரதத்தை அங்கேயே முறித்தாள்.

"வெட்டினது நீங்களா?"

"நான்தான்."

"அதுல 'ஆம்' மட்டும் இல்லாம இருக்கட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு. கிளம்புங்க, நானும் வர்றேன்."

இருவரும் ஆட்டோவில் கிளம்பினார்கள். மேகம் வாழ்க்கையில் முதன்முறையாக வானத்தைப் பார்க்காமல் வந்தார்.

கத்திரி திரையில் அந்த இடத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாள். முதலில் ஷட்டர் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டினாள். "நிலவுகிறத்" என்று குரல் பாதியில் அறுந்து நின்றது.

"பாருங்க சார், 'து'வே இல்ல இங்க" என்றாள் அவள் ஆச்சரியத்தோடு. "நம்ம காதுதான் போட்டுக்கிட்டிருக்கு."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று ஊர் முழுக்கக் கேட்டதும் இப்படித்தானோ என்னவோ. 'து' வரும் என்று காத்திருந்த காதுக்கு 'து'தான் விழுந்திருக்கும்.

"இழும்மா" என்றார் மேகம்.

கத்திரி வெட்டிய விளிம்பைப் பிடித்து வலது பக்கம் இழுத்தாள். ஒலியின் கோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மேகத்தின் மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். கத்திரி ஓட்டினாள்.

"நகரில் அமைதி நிலவுகிறதாம்."

அடுத்த நொடியே பாட்டின் தாளம் வந்து மேலே விழுந்தது. ஆனாலும் 'ஆம்' இருந்தது. தாழ்ந்த குரலில், உதட்டை மூடி முடித்த 'ஆம்'. ஐயத்துக்கு இடமே இல்லை.

"அப்பாடா" என்று மேகம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மனைவி சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள், நடுவில் அவர் தோளில் ஓங்கி ஒரு அடியும் வைத்தாள்.

"வால் போனா போகட்டுமாம். எங்கப்பா மானம்யா அது."

மேகம் தோளைத் தடவிக்கொண்டார். அந்த அடிகூட அப்போது இதமாகத்தான் இருந்தது.

கத்திரி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். பெரியவர் அதே சுவரைப் பார்த்து அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் அவர் காதில் ஹெட்போனை மாட்டினாள்.

அவர் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு தடவை போடும்மா" என்றார். கத்திரி போட்டாள். மூன்றாம் தடவையும் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு சின்னதா இருக்கே" என்றார்.

"சின்னதோ பெரிசோ, சொல்லியிருக்கீங்க இல்லப்பா" என்றாள் மகள்.

"சொல்லியிருக்கேன்." அவர் முகத்தில் ஏதோ இறுகியிருந்தது தளர்ந்தது. வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது அவருக்கு, அது பார்த்தவர்களுக்கும் தெரிந்தது. "உங்கம்மா இருந்திருக்கணும். 'து'ன்னு என்ன அடம் பிடிச்சா." அப்புறம் மேகத்தைப் பார்த்தார். "ஆனா மாப்பிள்ளை, நியாயமாப் பார்த்தா இதுவும் பத்தாது. செத்தவங்க வீட்டுல இந்த 'ஆம்'மை வச்சுக்கிட்டு என்ன செய்யறது? முழு வாயால பொய் சொல்லல, அரை வாயால சொன்னேன். அவ்வளவுதான். உங்க கேமரா இருக்கா?"

எத்தனையோ வருடமாக மேகம் கெஞ்சியிருக்கிறார். ஒரு புகைப்படத்துக்குக்கூட இந்த மனிதர் நின்றதில்லை. கேட்டதும் மேகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேமராவை எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் மாமனாரை உட்காரவைத்தார். கத்திரி மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"மைக்கை நல்லா கிட்ட கொண்டுபோம்மா" என்றார் மேகம். "ஃப்ரேமில் தெரிஞ்சா தெரியட்டும்."

கத்திரிக்குத் தன் காதையே நம்பமுடியவில்லை.

பெரியவர் கையில் ஒரு தாள் வேண்டும் என்றார். வெறும் தாள் போதும், தாள் இல்லாமல் வாசித்துப் பழக்கமில்லை என்றார். மகள் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தாள். அதை இரண்டு கையாலும் பிடித்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்தார். குரல் பழைய குரலாகவே வந்தது.

"வணக்கம். முன்னர் வாசிக்கப்பட்ட செய்திக்கு ஒரு திருத்தம். வேலைநிறுத்தத்தின்போது, நகரில் அமைதி நிலவுகிறதாம் என்று நான் வாசித்தேன்."

அப்போது வெளியே ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. ஜன்னல் மங்கியது, பெரியவரின் முகத்தில் பாதி இருண்டது. கத்திரி திடுக்கிட்டு, "சார், மேகம்" என்று கிசுகிசுத்தாள். நிறுத்திவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் ஓடட்டும் என்று தலையை மட்டும் அசைத்தார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"நகரில் அன்று அமைதி நிலவவில்லை. கடைத்தெருவில் சுட்டார்கள். நான் கேட்டேன். மனிதர்கள் செத்தார்கள். இத்துடன் செய்திகள் முடிவடைந்தன."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மேகம் கேமராவை நிறுத்தவும் மறந்துபோனார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அந்தக் கலங்கலோடேயே அவர் தன் கடைத்தெருக் காட்சியைப் பற்றி முடிவு செய்துவிட்டார். ஷட்டர் இறங்கித் தரையைத் தொடட்டும், சத்தம் வேண்டாம். திரை இருட்டாகட்டும். அந்த இருட்டில் 'ஆம்' மட்டும் கேட்கட்டும். அதற்கடுத்து இந்த முகம் வரட்டும். பத்து விடியற்காலை காத்துக் கிடந்து எடுத்த வெயிலில் ஒரு பகுதி போகும். போகட்டும்.

பெரியவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு மகளைப் பார்த்து வயிற்றைத் தடவிக் காட்டினார். காலையிலிருந்து அந்த மனிதர் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னங்க, போதும், கேமராவை மூடுங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்பாவுக்குப் பசிக்குதாம்."

"பசிக்குதாம் இல்லம்மா" என்றார் பெரியவர். "பசிக்குது."